மூச்சு விடாத பாட்டும் ஒரு கெட்டிமேளமும்

காலை நாலரை மணிக்குப் பழனி அடிவாரத்தில் மேளக்காரர்களின் வேனில் ஏறினேன். கொடைக்கானல் அறுபத்தைந்து கிலோமீட்டர். வைகாசி முகூர்த்த நாள். அட்டுவம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறவர்களோடு நான் ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு பாட்டுக்காக. பாட்டு என்றால் அதில் வார்த்தை கிடையாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் என் நண்பன் சாதிக்கும் சென்னையில் ஒரு வாடகை அறையில் கம்ப்யூட்டரில் செய்த எலக்ட்ரானிக் இசை, ஏழு நிமிடம். கடைசி ஒன்றரை நிமிடம் சாதிக் தனியாகப் போட்டது. மூச்சே விடாமல் ஏறிக்கொண்டு போகும். இழுவை என்று சொல்லி அதை வெட்டிவிட்டுத்தான் நான் வெளியிட்டேன். அவன் சண்டை போடவில்லை. ஊருக்குத் திரும்பி, கொடைக்கானல் பஜாரில் அவன் அத்தா, அதாவது அப்பா, நடத்தும் மளிகைக் கடையில் உட்கார்ந்துவிட்டான். போன கார்த்திகையில் மாரடைப்பு. நாற்பது வயது ஆகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை. வேலை இருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாதஸ்வரக்காரர் தண்டபாணி. எங்கள் இசையை இவர்கள் நாயனத்தில் வாசிப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தேன். அது அவரிடம் எப்படிப் போனது என்று கேட்டேன்.

“சாதிக் தம்பி ஒரு கல்யாணத்துல போன்ல போட்டுக் காமிச்சாருங்க. மெஷினுக்கு மூச்சு வேணாம், எங்களுக்கு வேணும்லன்னேன். ரெண்டு நாயனமா வாசிங்க, ஒருத்தர் மூச்சு எடுக்கையில இன்னொருத்தர் பிடிச்சுக்கிடட்டும்னாரு. நானும் குமரேசனும் ஆறு மாசம் மல்லுக்கட்டுனோம்.”

முன் சீட்டில் இருந்த குமரேசன் திரும்பிச் சிரித்தார். அன்று இரவு அவருக்குத் திருச்சியில் விமானம். சிங்கப்பூர்க் கோயில் ஒன்றில் மூன்று வருட வேலை. இருவரும் சேர்ந்து அதை வாசிப்பது அன்றோடு சரி.

ஆறே முக்காலுக்குப் பெருமாள்மலையில் டீ, பதினைந்து ரூபாய். மூடுபனியில் எதிர்க்கடை தெரியவில்லை. முந்தின நாள் சாதிக்கின் அத்தாவிடம் போனில் பேசியது டீ இறங்கும்போது நினைவுக்கு வந்தது. “முட்டி மடக்க முடியல தம்பி, இல்லாட்டி நானே வந்துருவேன். அந்தக் கடைசியக் கேளுங்கத்தா, கேளுங்கத்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பான். கடைச் சோலியில நான் காது குடுக்கல. இப்ப அவன் போனும் செத்துக் கெடக்கு. நீங்க முழுசா ரெக்கார்டுல பிடிச்சுட்டு வாங்க.”

பிடித்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பத்தே முக்கால் மணி. தாலி கட்டி முடிந்து, முதல் பந்தி போய்க்கொண்டிருந்தது. எனக்காக அவர்கள் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ரெக்கார்டரை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு எதிரே நின்றேன். தவில்காரர் பெரியசாமி, நாங்கள் கம்ப்யூட்டரில் தட்டிய தாளத்தைத் தவிலின் வலப்பக்கம், வலந்தலையில் எடுத்தார். எங்கள் காலத்தில் அது கதவைத் தட்டுவது போல இருந்தது. இவர் கையில் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இலை முன்னால் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஐந்தரை நிமிடத்தில், நான் வெட்டிய இடம் வந்தது. அவர்கள் நிற்காமல் அதைக் கடந்து போனார்கள்.

ஒரு நாயனம் விட, இன்னொன்று பிடிக்க, இடையில் நூல் நுழையும் இடைவெளிகூட இல்லை. சாதிக் போட்டதுதான் சரி, நான் மடையன் என்று நன்றாக விளங்கியது. “இதுதான்டா” என்று என்னை மறந்து கையைத் தூக்கி விரலை ஆட்டினேன்.

கல்யாணத்தில் யாராவது கையைத் தூக்கி விரலை ஆட்டினால், மேளக்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்காகவே தவில்காரரின் கண் கூட்டத்தின் கைகள் மேலேயே இருக்கும். பெரியசாமி சட்டென்று கெட்டிமேளத்துக்குத் தாவினார். நாயனங்கள் இரண்டும் கூடவே தாவின. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மடியில் மிச்சமிருந்த அட்சதையை எடுத்து என் மேல் போட்டார். சபை மொத்தமும் சிரித்தது.

“அடடா, கை பழகிப்போச்சுங்க,” என்றார் பெரியசாமி. பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு தடவை...” என்று இழுத்தேன்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. குமரேசன் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டே, “மன்னிச்சுக்கங்கண்ணே. வீட்ல புள்ளைக காத்துக் கெடக்கும். வெரசா போகணும்,” என்றார். அந்த மனிதரை அதற்கு மேல் எப்படி நிறுத்துவது?

பன்னிரண்டரைக்குப் பஜார். அத்தா கல்லாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், கெட்டிமேளம் வந்ததும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“இதத்தான் கேளுங்கன்னானா? கல்யாண மேளத்துல கொண்டாந்து முடிச்சிருக்கான் பாருங்க, கிறுக்குப் பய,” என்றார். கண் கலங்கியிருந்தது. “எத்தன பொண்ணு பாத்தேன், வேணாம் வேணாம்னான். மனசுல ஆசை இருந்திருக்கு.”

நான் வாயைத் திறந்தேன். அவர் மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

இரண்டு மணிக்கு வத்தலக்குண்டு பஸ். சென்னையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதும் அரைகுறை, பையில் இருப்பதும் அரைகுறை. முதல் தடவை வெட்டியபோது அவனிடம் ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். இந்தத் தடவை அவன் அத்தாவிடமும் கேட்காமல் மலையிறங்குகிறேன்.