அரைப்புள்ளியும் மிதக்கும் பனியும்

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். காரைக்குடி செக்காலையில் வானம் மூடிக் கிடந்தது. மழைக்கு வழியில்லை, புழுக்கம்தான். எழுந்து உட்கார்ந்து, கண்ணில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தேன். மகளோடு ஊருக்கு வந்து நான்கு இரவுகள் ஆகியும் இந்தப் பழக்கம் விடவில்லை. நாங்கள் இருக்கும் நார்வே நாட்டு டிரோம்சோவில் மே மாதக் கடைசியில் சூரியன் மறைவதே இல்லை. கண்ணைக் கட்டினால்தான் தூக்கம். எழுபத்தொரு வருடம் மாலை ஏழு மணிக்கு இருட்டும் ஊரில் இருந்தவன், ஐந்தே வருடத்தில் இருட்டை நம்பாதவனாகிவிட்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன் என் மனைவி போனபின், மகள் உமையாள் என்னை அங்கே அழைத்துக்கொண்டாள். வங்கியில் முப்பத்தாறு வருடம் கணக்குப் பார்த்தவன் நான். அவள் பார்ப்பதும் கணக்குத்தான், துருவப் பனியின் கணக்கு. மேலே விழும் பனி வரவு. கடலுக்குப் போவது பற்று. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை வைத்து, பனி எவ்வளவு அகலத்தில், எவ்வளவு தடிமனில், எவ்வளவு வேகமாகக் கடலை நோக்கி நகர்கிறது என்று பார்த்துப் பெருக்குகிறாள். கைபேசியில் என் மாத்திரை நேரத்துக்கு மணி வைத்திருப்பவளும் அவள்தான். நான் மறந்தால் அவள் திட்டுவாள், அவள் சாப்பிட மறந்தால் நான் திட்டுவேன். இப்படியாக வீடு நடக்கிறது.

அங்கே போன முதல் வசந்தத்தில், பக்கத்து வீட்டு கிரீத்தே அம்மாள் ஒரு தாளோடு வந்து 'டுக்னாட்' என்றாள். தாளில் வீட்டெண்களும் பெயர்களும் இருந்தன. நம் ஊர் வரி போல என்று நினைத்து, இருநூறு குரோனரை எடுத்து நீட்டினேன். அவள் பணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் ஒரு விளக்குமாறு கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் பாதையில் தூவிய சரளையை, வீட்டுக்கு ஒருவர் வந்து பெருக்க வேண்டுமாம். தாளில் எங்கள் வீட்டெண்ணுக்கு நேரே உமையாள் என்று மட்டும் இருந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒன்றரை மணி நேரம் பெருக்கினேன். இடுப்பு நான்கு நாள் வலித்தது.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம், அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு எங்கள் பூர்வீக ஊரான பள்ளத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த என் பங்காளி லெட்சுமணன். எங்கள் கோயில் திருப்பணிக்குப் புள்ளிவரி வாங்க வந்தான். எங்களவர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. பெண், கட்டிக்கொடுத்த வீட்டுப் புள்ளியில் சேர்வாள். கட்டிக்கொடுக்காத பெண் எந்தப் புள்ளியிலும் இல்லை.

"அண்ணே, ஒங்களுக்கு அரைப்புள்ளி. ரெண்டாயிரத்து ஐந்நூறு."

நான் பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வைத்தேன்.

"கூட இருக்கே."

"மத்த அரை உமையாளுக்கு."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அதுக்குக் கல்யாணம் ஆகலையேண்ணே."

"நாப்பத்திமூணு வயசாச்சு. வீட்ட நடத்துறது அவ. என்னைய நடத்துறதும் அவ."

"நானா வேண்டாங்கிறேன்? மொறையில எடமில்ல. நன்கொடைன்னு போட்டுக்கிறட்டுமா? கல்வெட்டுல பேரு வரும்."

"நன்கொடை வெளியாளும் குடுப்பான். புள்ளின்னு போடு."

"அம்புட்டுக் குளிர்லயும் ஒங்க பிடிவாதம் வெறைக்கலையே."

"அப்ப என் பேரையும் அடிச்சிரு."

அவன் முகம் சுருங்கிப்போனது. புள்ளியிலிருந்து பேரை எடுத்தால் நல்லது கெட்டதுக்குப் பங்காளிகள் வந்து நிற்கும் உரிமை போய்விடும். "பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்லாதீகண்ணே," என்றான். உமையாள் காப்பியோடு வந்தாள். பேச்சை மாற்றுகிற அவசரத்தில் அவளிடம் கேட்டான்: "ஆத்தா, நீ அங்க பனிய எப்படித்தான் எண்ணுற?"

"நெலத்துல ஊன்றி நிக்கிற பனிதான் கணக்கு, சித்தப்பா. அது நகர்ந்து நகர்ந்து கடல்ல மெதக்க ஆரம்பிக்கிற எடத்துல ஒரு கோடு. அதத் தாண்டுனா போயிருச்சுன்னு எழுதிருவோம்."

"கரைஞ்சிருமாக்கும்?"

"கரையாது. பின்னால இருக்குறதோட ஒட்டிக்கிட்டேதான் மெதக்கும். எத்தனையோ வருசம்."

"இருக்குறதப் போயி இல்லைன்னு எழுதுறதா? நம்ம மொறையே தேவல."

அவள் சிரித்துவிட்டாள். "கடல் எவ்வளவு ஏறும்கிறதுதான் எங்களுக்குக் கேள்வி. மெதக்கும்போதே ஏத்தவேண்டியத ஏத்திருச்சு. அதான் அந்தக் கணக்குல சேர்க்கிறதில்ல."

"அப்ப சும்மா கெடக்கு."

"சும்மா இல்ல. உள்ள இருக்குற பனி வேகமா எறங்காம அதுதான் தடுத்து வச்சிருக்கு."

லெட்சுமணன் காப்பியை ஆற்றினான். ஆற்ற வேண்டிய சூடு அதில் இல்லை. உமையாள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பச்சி, என்னைய எண்ணலைன்னு எனக்குக் கோவமில்ல. நீகளும் பேர அடிச்சிட்டா, நான் இந்த ஊருல யாரு மகளுன்னு சொல்லிக்கிட்டு வர்றது?"

அவளுக்காகத்தான் வாதாடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தையே அல்லவா வெட்டப் பார்த்திருக்கிறேன். என் பேரை அரைப்புள்ளியாகவே எழுதிக்கொள்ளச் சொன்னேன். விலாசம் கேட்டான், டிரோம்சோ என்றேன். "ஊரு பள்ளத்தூருன்னுதான் போடுவேன்," என்று அப்படியே போட்டுக்கொண்டான். ஐந்து தாள்களை எண்ணி எடுத்து, மற்ற ஐந்தை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினான். போகும்போது உமையாள் தலையில் கை வைத்து, "போயிட்டு வாரேன் ஆத்தா," என்றான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் உங்களில் சிலரிடமும் இப்படி ஒரு தொகை இருக்கக்கூடும். அந்த ஐந்து தாள்களை என் குளிர்க்கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன். டிரோம்சோவில் ரூபாய் செல்லாது, அதற்கு ஒரு ரொட்டிகூடக் கிடைக்காது. பள்ளத்தூருக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று, வாங்கவில்லை. ஆக, கொடுக்க நினைத்தது ஐயாயிரம். செலவானது ரூபாய் இரண்டாயிரத்து ஐந்நூறு.