சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

முன்னறை யாருக்கு என்பதுதான் பேச்சு.

சாயல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தம்பிதான் என் வீட்டுக்காரர், சவுதியில் இருந்தார். அவர் அனுப்பியதில் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி முன்னறையில் வைத்தேன். மகள் அந்தப் படிப்பை முடித்தவள். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தாள். மச்சானுக்கு, அதாவது அவருடைய அண்ணனுக்கு, விலை ஏறும்வரை மிளகாய் மூட்டை அடுக்க அதே அறை வேண்டும். மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது.

"விசயதசமிக்குப் புள்ளைக வந்து சேந்தா ரூமு ஒனக்கு. இல்லாட்டி மொளகாய்க்கு" என்றார்.

சரி என்றேன்.

முதல்நாள் ஆயுத பூசை. அரிவாள், மண்வெட்டி, தோட்டத்து மோட்டார் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். கம்ப்யூட்டரைக் கழுவ முடியாது. துடைத்தோம். மாலை போட்டோம். சந்தனம் குழைத்து, மகளும் நானும் தாராளமாகவே வைத்தோம்.

விசயதசமிக் காலையில் பிள்ளைகள் அம்மாமார்களோடு வந்துவிட்டார்கள். மகள் பித்தானை அமுக்கினாள். ஒன்றுமில்லை. திரும்ப அமுக்கினாள். சத்தமே இல்லை.

மச்சான் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அறைக்குள் இறக்கினார்.

"மாலையுங் கழுத்துமா ஒக்காந்திருக்கப்பவே நெனச்சேன். போய்ச் சேந்துருச்சுத்தா. தூக்கிப் பொதச்சுட்டு ரூமக் குடு."

ஒரு அம்மா சிரித்தாள். இன்னொருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கிளம்பப் பார்த்தாள்.

"யாரும் போவேணாம். ஒக்காருங்க" என்றேன்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைக்காரருக்குப் போன் போட்டேம்மா. பூசை லீவாம். ரெண்டு நாளாகுமாம்."

"அழுதா ஓடுமா? தோட்டத்துல மோட்டார் ஓடலன்னா என்ன பாப்போம்? கரண்டு, வயரு, ஸ்டார்ட்டரு. அதையே பாரு."

அதே பிளக்கில் மேசை விசிறியைச் செருகினேன். சுற்றியது. கரண்ட் இருக்கிறது.

"திரைக்கும் பெட்டிக்கும் ஒரே மாதிரி வயருதாம்மா" என்று மகள் இரண்டையும் மாற்றிச் செருகினாள். திரையில் விளக்கு எரிந்தது. வயரிலும் குறையில்லை. பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச்சும் போட்டுத்தான் இருந்தது.

"இன்னும் எம்புட்டு நேரம் பாடையச் சுத்தி வருவீக?" என்றார் மச்சான்.

"இன்னும் சாகல மச்சான். அவசரப்படாதீக."

ஸ்டார்ட்டர்தான் பாக்கி. பித்தானில் விரல் வைத்துப் பார்த்தேன். அமுக்கினால் உள்ளே போய் வெளியே வரவேண்டியது, உள்ளேயே கிடந்தது. மேலே சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. நெற்றி மாதிரித் தெரிந்ததால் அதன்மேல்தான் பெரிய பொட்டாக வைத்திருந்தோம். தண்ணியாகக் குழைத்தது விளிம்பில் இறங்கி இறுகிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி விளிம்பைச் சுற்றிச் சுரண்டினேன்.

"சாமிக்கு வச்சதச் சொரண்டலாமாக்கா?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"கோவம்னா சாமி எங்கிட்ட வந்து பேசட்டும்."

டொக்கென்று பித்தான் வெளியே வந்தது. மகள் வயரைச் செருகி அமுக்கினாள். பெட்டிக்குள் விசிறி இரைந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"இன்னைக்கு ஓடுது. நாளைக்கு நின்னு போச்சுன்னா?" என்றார் மச்சான்.

"நாளைக்கும் பாப்பேன். மூட்டைய எடுங்க."

அவர் எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். நானே மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தேன். முதலில் சிரித்த அம்மா எழுந்து வந்து மறுகாதைப் பிடித்தாள். இரண்டு பேரும் வாசலைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டோம்.

மூட்டை போனாலும் நெடி அறைக்குள் நின்றது. பிள்ளைகள் தும்மிக்கொண்டேதான் முதல் எழுத்தை அடித்தார்கள். ஒருத்தியும் எழுந்து போகவில்லை.