கரண்டி மைக்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போதே சினிமா செய்தியும் கொதிக்கும். வாசிப்பவன் நான். குழம்புக் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, செல்போனைப் பார்த்து, டிவிக்காரர்கள் குரலில் வாசிப்பேன். யாருக்குக் கல்யாணம், யாருக்கு விவாகரத்து, யார் இளைத்தார், யார் ஊதினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு நாள் லேத் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் மேடை. மனைவி அடுப்படியிலிருந்து சிரிப்பாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது.

தீபாவளி முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனவள் பள்ளிக்கூடத்துப் படியில் மயங்கி விழுந்துவிட்டாள். போன் வந்ததும் மிஷினை நிறுத்தியது நினைவிருக்கிறது. பைக்கில் திருவேற்காடு வரை எப்படி வந்து சேர்ந்தேன் என்பது நினைவில்லை. கிளினிக்கில் டாக்டரம்மா அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பொண்ணு வீட்ல ஒழுங்கா சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா மேடம். மதியத்துக்கு டப்பா கட்டிக் குடுக்குறோம், காலியாத்தான் வருது."

"யார் காலி பண்றாங்கன்னு கேட்டீங்களா? ரெண்டு நாளா தண்ணியும் பிஸ்கட்டும்தான்னு சொல்றா. இப்படியே போனா அட்மிட் பண்ண வேண்டி வரும். அதட்டாதீங்க. நாளைக்கு ஒரு வேளையாவது நல்லா சாப்பிட வையுங்க. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்தோம். அரை டம்ளர் குடித்துவிட்டு, வயிறு ரொம்பிவிட்டது என்று படுத்துக்கொண்டாள். மனைவி அந்த டப்பாவைக் கழுவிக்கொண்டே அழுதாள். நான் பள்ளிக்கூடத்தைத் திட்டினேன், செல்போனைத் திட்டினேன், கூடப் படிக்கும் பெண்களைத் திட்டினேன். கோபம் வந்தால் எனக்கு ஊரில் எல்லார் மேலும் வரும், என்னைத் தவிர.

ஞாயிறு விடிந்ததும் கறிக்கடையில் முதல் ஆளாக நின்றேன். அவளுக்கு நெஞ்செலும்பு பிடிக்கும், கேட்டு வாங்கினேன். ஒரு மணிக்கு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். அவள் தட்டில் சோறு, குழம்பு, இரண்டு எலும்பு. ஒரே ஒரு பருக்கையை விரலால் அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஃபேன் காற்றில் குழம்பின் மேல் ஆடை கட்டத் தொடங்கியது. மனைவி என்னைப் பார்த்தாள்.

சிரிக்க வைத்தால் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கரண்டியை எடுத்தேன்.

"வணக்கம் நேயர்களே! கொழந்த பெத்துக்கினு ரெஸ்ட்ல இருந்த பிரபல நடிகை நேத்து ஏர்போர்ட்ல எறங்குனாங்க. ஏர்போர்ட்டே ஒரு பக்கமா சாஞ்சிடுச்சி!"

மனைவி முழங்கையால் இடித்தாள். எனக்கு உறைக்கவில்லை. "கேமராவுல பாதிதான் புடிக்க முடிஞ்சுதாம்!" என்று இன்னொன்றையும் சேர்த்தேன்.

மகள் எழுந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். என் குரலை அப்படியே பிடித்தாள்.

"வணக்கம் நேயர்களே. திருவேற்காட்ல ஒரு ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு. தீபாவளிக்குத் துணி எடுக்க பூந்தமல்லிக்குப் போச்சி. எடுத்துப் போட்ட சுடிதார் ஒண்ணும் பத்தல. அவங்க நைனா கடைக்காரர்கிட்ட, 'ரெண்டு துணிய சேத்துத் தச்சாத்தான் இதுக்கு ஆவும், குண்டு நடிகைக்குத் தங்கச்சி'ன்னாரு. கடையே சிரிச்சுது. பொண்ணும் சிரிச்சுது. செய்திகள் முடிஞ்சுது."

கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தக் கடை எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல ஜோக் அடித்தோம் என்று வீடு வரும் வரை சந்தோஷமாக வண்டி ஓட்டியதும் ஞாபகம் வந்தது. தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என் பிள்ளையைச் சுட்டிருந்தது.

"வெளாட்டுக்குத்தான் கண்ணு சொன்னேன்..."

"தெரியும் நைனா. அந்த நடிகையையும் நீ வெளாட்டுக்குத்தான் சொல்ற."

வெட்கமாக இருந்தது. "தப்புதான். இனிமே பண்ண மாட்டேன். இப்ப நான் இன்னா பண்ணா நீ சாப்டுவ? சொல்லு."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ அப்பால திரும்பி உக்காரு. நான் சாப்ட்றத பாக்காத."

தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஊர்ப் பெண்களையெல்லாம் ஏற இறங்கப் பார்த்துப் பேசிய கண்ணுக்கு, பெற்ற மகள் சாப்பிடுவதைப் பார்க்கும் உரிமை போய்விட்டது. சோறு இறங்கவில்லை. இறங்குகிற மாதிரி மென்றேன். பின்னால் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பச் சொல்லிக் கழுத்து துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. "எம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்று மகளின் குரல் கேட்டது.

நான் திரும்பவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்க முடியாமல் கையெல்லாம் குழம்பு.