வரப்பு வழியே போன பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். பாடாலூரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எங்கள் சின்னக் கிறிஸ்தவ சபைக்குச் செயலாளர். ஆனால் ஊருக்கு என்னைத் தெரிந்தது மனு எழுதுகிறவனாகத்தான். தெருவிளக்கு எரியவில்லையா, மனு. பஸ் நிற்கவில்லையா, மனு. லீவு போட்டாவது திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் போய் நின்றுவிடுவேன்.

அந்த வருடம் என் மனுவில் மாட்டிக்கொண்டவர் ஒரு வெங்காய விவசாயி. எங்கள் கல்லறைத் தோட்டம் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் போகிற பாதையை மழைத் தண்ணீர் அரித்துவிட்டதால் அவருடைய வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தைய வருடம் ஓர் அடக்கத்துக்கு நூறு பேர் பாண்டு வாத்தியத்தோடு போனோம். வெங்காயம் முற்றுகிற நேரம், வரப்பு மேலேயே போங்கள் என்று அவர் கெஞ்சினார். "சாவை விட வெங்காயம் பெருசாங்க?" என்று கேட்டுவிட்டு நான்தான் பாத்தியில் முதலில் இறங்கினேன். நாலு பாத்தி கூழாகிவிட்டது. மறுவாரமே அவர் கம்பி வேலி போட்டார். நான் மனு போட்டேன். ஒன்றல்ல, மூன்று.

எங்கள் சபையில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் இருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் கடை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு குச்சியில் காந்தத்தைக் கட்டி, ரோட்டோரமாக நடந்து ஆணி பொறுக்குவார். பஞ்சர் கடைக்காரரே ஆணி பொறுக்கினால் பிழைப்பு என்ன ஆகும் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். "ரோட்டுல ஆணிக்கு என்ன பஞ்சம், எனக்குன்னு ஆண்டவர் நாலு விட்டு வைப்பாரு" என்பார்.

அவருக்குத்தான் வயிற்றில் புற்றுநோய் வந்தது. வயது நாற்பத்தைந்துதான். திருச்சியில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் ஜெபம் செய்யப் போனேன். வாழ்விலும் சாவிலும் இவர் மூலமாக ஆண்டவர் மகிமைப்பட வேண்டும் என்று நீளமாக, எனக்கே திருப்தியாக, ஜெபித்து முடித்தேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வாழ்ந்த வரைக்கும் ஏதோ பஞ்சர் ஒட்டி மகிமைப்படுத்திட்டேன் சார். சாவுல நான் என்ன பண்ண முடியும்? சும்மா படுத்துக் கெடக்கப்போறவன். தூக்கிட்டுப் போறது நீங்கதானே. அப்ப அது உங்க கையிலதானே இருக்கு?"

தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நடுவில் வேலி நிற்கிறது. வருகிற திங்கட்கிழமை நாலாவது மனு கொடுக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "அது முடியற வரைக்கும் நான் தாங்கணுமே சார். வண்டிய எடுங்க, ஒரு எட்டு வயல்காரர்கிட்டயே போய்க் கேட்டுட்டு வந்துடுவோம்."

எனக்கு அங்கே போகக் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனாலும் அவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். களை பறித்துக்கொண்டிருந்த வயல்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நாள்ல உங்க வயல் வழியா வருவேன். அப்ப என்னால கேக்க முடியாது பாருங்க, அதான் இப்பவே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

வயல்காரருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த களையைக் கீழே போட்டுவிட்டார். பாத்திகளைப் பார்த்தபடி, "வெங்காயம் புடுங்க இன்னும் இருவது நாளாகும்" என்றார்.

"நானும் முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பாக்குறேண்ணே."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். வயல்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். அடுத்து பஞ்சர் கடைக்காரர் என் பக்கம் திரும்பி என்னையே பார்த்தார். வேறு வழியில்லை. "போன தடவை நான் பேசுனது தப்புங்க" என்றேன். இந்த ஐந்து வார்த்தைகளைச் சொல்வதற்குள் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது.

வயல்காரர் என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னார். "வேலிய ஒரு பக்கம் அவுத்து விடுறேன். வரப்பு மேலேயே போவணும். ஒரு செடி மிதிபட்டாலும் அதுக்கப்பறம் யாருக்கும் வழி கெடையாது."

திரும்பும்போது பஞ்சர் கடைக்காரர் தன் சவ ஊர்வலத்துக்குத் தானே திட்டம் போட்டார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்றால் வரப்பு பத்தாது, ஆகவே மேலே நீளமாக ஒரு மூங்கிலைக் கட்டி முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், எல்லோரும் ஒற்றை வரிசையில். மற்றவர்கள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பாட வேண்டும். பாண்டு வேண்டாம்.

பதினோராம் நாள் போய்விட்டார். அவரால் அவ்வளவுதான் இழுக்க முடிந்தது. அடக்கத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. அவர் சொன்ன மாதிரியே மூங்கில் கட்டினோம். செயலாளர் என்ற முறையில் கடைசி ஆளாக நானே தோள் கொடுத்தேன். வேலி அவிழ்ந்திருந்தது. வயல்காரர் கையைக் கட்டிக்கொண்டு வரப்பின் பாதியில், வாய்க்கால் மேட்டில் நின்றார். அவர் பார்த்தது எங்களை அல்ல, எங்கள் கால்களை.

நான் தப்பாகக் கால் வைத்தால் ஊருக்கே வழி போய்விடும். முன்னால் போன மூன்று பேரும் பூனை மாதிரி நடந்தார்கள். வயல்காரருக்கு நேராக வந்ததும் என் கால் வழுக்கியது. பாத்தியின் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றுவிட்டது.

எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, சாய்ந்த மூங்கிலுக்கு அடியில் வயல்காரரின் தோள் இருந்தது. வெங்காயத்தைக் காக்க வந்தவர் எப்போது அங்கே வந்தார் என்றே தெரியவில்லை.

"நீங்க மெதுவா எந்திரிச்சு வாங்க சார். இருக்குற செடியாச்சும் பொழைக்கட்டும்" என்றார்.

கல்லறைத் தோட்டம் வரை அவரே சுமந்து வந்தார். எங்களோடு ஒரு பிடி மண்ணும் போட்டார். வயலை விட்டு வெளியே வந்ததும் கூட்டத்தைப் பார்த்து, "மூணு பேரு போனதுல ஒரு செடி சாவல. வாத்தியாரு ஒருத்தரு உக்காந்ததுல கால் பாத்தி போச்சு" என்றார். அழுதுகொண்டிருந்த பஞ்சர் கடைக்காரரின் மனைவி கூட சிரித்துவிட்டார். அந்த மனிதர் இருந்திருந்தால் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்திருப்பார். அவிழ்த்த வேலியை வயல்காரர் இன்று வரை திரும்பக் கட்டவில்லை. வழி கிடையாது என்று சொன்னதை நானும் ஞாபகப்படுத்தவில்லை.

செத்தும் ஒருவர் ஆண்டவரை எப்படி மகிமைப்படுத்த முடியும் என்று யாராவது கேட்டால், எனக்கு வசனம் எதுவும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. சேற்றில் உட்கார்ந்தபடி நான் அண்ணாந்து பார்த்த அந்தத் தோள்தான் வருகிறது.