சுரைக்காய் பாக்டீரியாவும் எங்கள் வீடும்

ஏழாம் வகுப்பில் நான் ஒரு பாக்டீரியா செய்தேன். பெருமையாகவே சொல்கிறேன். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் சுரைக்காயில் பாக்டீரியா செய்ததாகத் தெரியவில்லை.

கேரளத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சிக்குச் சாஸ்திரமேளா என்று பெயர். எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவிலிருந்து வெளியூர் மேளாவுக்கு அதுவரை யாரும் போனதில்லை. அந்த வருடம் என்னை அனுப்பினார்கள். வெறுங்கையோடு திரும்பினால் மலையாளப் பிரிவுப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் ஒரே கவலை.

குழம்புக்கு வைத்திருந்த நீளமான சுரைக்காயை அம்மாவிடம் கெஞ்சி வாங்கி, நெடுக்குவாட்டில் பிளந்து குடைந்தேன். தோல்தான் செல்சுவர். உட்புறம் ஒட்டிய, புதுச்சட்டை சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள் செல்சவ்வு. உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி ஊற்றி, ரைபோசோம்களாகக் கடுகைத் தூவினேன். நடுவில் சிக்கலாகக் கிடந்த சிவப்பு நூல் டி.என்.ஏ., பக்கத்தில் பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்துக்குத் தம்பியிடம் பிடுங்கிய ரப்பர் பேண்டு. நீந்துவதற்குக் கசையிழை வேண்டுமே, பின்னால் தேங்காய்நார்க் கயிறு. மேலே வழவழப்பான உறைக்கு வெண்டைக்காயை நசுக்கிப் பூசினேன். அன்று எங்கள் வீட்டில் குழம்பும் இல்லை, பொரியலும் இல்லை.

அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தென்னையும் நிலக்கடலையும் தவிர வேறு ஆராய்ச்சிக்குள் போகாதவர்.

“ஏனம்மிணி, உன்ர பொஸ்தகத்துல நடுவால உருண்டையா ஒண்ணு பாத்தனே. இதுல காணமே?”

“அது உட்கருங்கப்பா. பெரிய உசுருகளுக்குத்தான் உள்ளார அப்படித் தனி ரூம் இருக்கும். பாக்டீரியாவுக்கு இல்லீங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் மொபெட்டின் பின்னால் என்னையும் என் மடியில் பாக்டீரியாவையும் ஏற்றி, மாட்டுவண்டி முந்திப்போகும் வேகத்தில் ஓட்டினார். வழியில் டீக்கடையில் நிறுத்தி, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், “நம்ம புள்ள செஞ்ச கிருமிங்க” என்று காட்டினார்.

மேளாவில் தெர்மாகோலும் சுழல்விளக்குமாக மற்றவர்கள் ஜொலித்தார்கள். என் கஞ்சியோ புளிக்க ஆரம்பித்திருந்தது. நிஜ பாக்டீரியாக்கள் அதற்குள் குடியேறிவிட்டன போலிருக்கிறது. நடுவராக வந்த டீச்சர் குனிந்து பார்த்து, “ந்யூக்ளியஸ் எவிடெ?” என்று உட்கருவைத் தேடினார். மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். அவரைக் கண்டதும் எங்கள் வீடு ஞாபகம் வந்தது.

“இது எங்க ஊடு மாதிரிங்க டீச்சர்,” என்றேன், ஹால் முழுக்கக் கேட்கும்படி. “சுத்தியும் செவுரு இருக்குதுங்க. உள்ளார ரூமே இல்லீங்க. அடுப்பு, கடலை மூட்டை, நாங்க படுக்கற பாயி, என்ர பொஸ்தகம் அல்லாமே ஒரே எடத்துலதானுங்க. ஆனா ஒரு வேலையும் நிக்கறதில்லீங்க.”

டீச்சருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

திரும்பும்போது அப்பா அதே டீக்கடையில் நிறுத்திச் சான்றிதழைக் காட்டினார். நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, அதை நானே எல்லாருக்கும் சொன்னேன்.

அடுத்த ஆடிக்கு முன்பே கூடத்தின் ஒரு பாதியில் ஹாலோபிளாக் வைத்து அப்பா ஒரு சுவர் எழுப்பினார். கதவு, ஜன்னல், எனக்கு ஒரு மேசை. பள்ளியில் அதற்குள் எங்கள் வீடு பாக்டீரியா வீடு என்று பேர் வாங்கியிருந்தது. அந்தப் பெருமை போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்கப்பா. இனி நம்மூடு பாக்டீரியா இல்ல.”

“பெரிய உசுருன்னா உள்ளார தனி ரூம் இருக்கும்னு நீதான அம்மிணி சொன்ன,” என்றார் அப்பா, விரலில் காய்ந்த சிமெண்டைத் தேய்த்துக்கொண்டே.

அந்த அறையில் படித்துத்தான் இன்று கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். பாக்டீரியா செல் பாடத்தை இன்றும் சுரைக்காயில்தான் தொடங்குகிறேன்.

அந்த வருடம் அறை வந்ததும் கூடம் பாதியாகிவிட்டது. அம்மாவும் தம்பியும் படுத்தால் இடம் சரியாகிவிடும். அப்பா கயிற்றுக்கட்டிலை வாசலுக்குக் கொண்டுபோனார். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் அம்மியோடு நிறுத்திக்கொள்வதில்லை. “உள்ளார புழுக்கம். நமக்குக் காத்துதான் சொகம்” என்று சொல்லி, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, போர்வை பறக்காமல் காலடியில் செருகிக்கொண்டு படுத்தார். நான் மண் பறந்து வருகிறதென்று என் புது ஜன்னலைச் சாத்தினேன். அப்பாவுக்குக் காற்றென்றால் எத்தனை பிரியம் என்று வியந்தபடியே தூங்கிப்போனேன்.