ஆளில்லாத வீட்டின் வாசலைக் கூட்டினோம்

எட்மண்டனில் எங்கள் வீட்டோடு ஒட்டிய வீடு ஏழு வருடம் பூட்டிக் கிடந்தது. அதில் இருந்தவர்களால் கடன் கட்ட முடியவில்லை. வங்கி வீட்டை எடுத்து ஏலத்தில் விட்டது. வாங்கியவன் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனான், அவ்வளவுதான். விலை ஏறட்டும் என்று பார்த்திருந்தான். அதற்குள் கூரை ஓடுகள் விழுந்தன, கூரைத் தண்ணீர் வடியும் பீலி உடைந்தது, மழைத் தண்ணீர் எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குள் இறங்கியது.

அது எங்கள் படுக்கையறைச் சுவர். என் மனைவிக்கு ஆஸ்துமா. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. துடைத்தோம், பெயின்ட் அடித்தோம், திரும்ப வந்தது. மூன்றாவது குளிர்காலம் அவளை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அந்த அறையில் படுக்கவே கூடாது என்றார் டொக்டர். அதன்பிறகு அவள் முன்னறை சோபாவில் சாய்ந்தபடிதான் தூங்கினாள்.

கவுன்சிலுக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் கடிதம் வரும். வேறொன்றும் வராது. கடைசியில் நேரே போய்க் கத்தினேன். அதன் பிறகுதான் வெறும் வீடுகளைப் பார்க்கிற அதிகாரி ஒருத்தி வந்தாள். தமிழ்நாட்டுப் பெண். வாசலில் நின்று கோப்பைப் புரட்டினாள்.

"சார், எங்க ஆளுங்க ரெண்டு தடவ வந்து பாத்திருக்காங்க. ஆள் இருக்கிற வீடுன்னு எழுதியிருக்காங்க."

"ஆளோ? எலிதான் இருக்கு."

"வாசல் கூட்டியிருக்கு. செடியெல்லாம் வெட்டியிருக்கு. கார் வேற நிக்குது."

அங்கே நிறுத்தியிருந்த கார் என்னுடையது. செடி வெட்டியதும் நான்தான். வாசல் என் மனைவியின் வேலை. வெள்ளிக்கிழமை எங்கள் வாசலைக் கூட்டும்போது அதையும் சேர்த்துக் கூட்டுவாள். பக்கத்தில் ஊத்தை கிடந்தால் எங்கள் வீட்டுக்கும் மூதேவிதான் வருவாள் என்பது அவளுடைய கணக்கு. எனக்கு மூதேவியில் நம்பிக்கை இல்லை. வருகிற சனம் என்ன நினைக்கும் என்பதுதான் என் பயம். வெறும் வீட்டுக்கு வரி அதிகம் என்பதால், உரிமையாளன் உள்ளே ஆள் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தான். அவனுடைய பொய்க்கு எங்கள் விளக்குமாறு சாட்சி சொல்லியிருக்கிறது.

அதிகாரி ஒரு திட்டத்தைச் சொன்னாள். திருத்துவதற்குக் கவுன்சில் பணம் கொடுக்கும். பதிலுக்கு அவன் ஐந்து வருடம் கவுன்சில் அனுப்புகிற குடும்பத்துக்கு வாடகைக்கு விட வேண்டும்.

"பிள்ளை, வீட்டை அழுக விட்டவனுக்கு என்ர வரிக்காசில கூரையோ?"

"ஆமா சார், உங்க வரிலதான். கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். உங்க சுவரு அதுவரைக்கும் தாங்குமா?"

சுவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உள்ளே இருமிக்கொண்டிருந்தவளைப் பற்றித்தான் கவலை. சரி, செய்யும் என்றேன். எதையும் தொட வேண்டாம், உள்ளபடி கிடக்கட்டும், இரண்டு மாதத்தில் வந்து படம் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

காரை எடுத்தேன். செடியை விட்டேன். முதல் வெள்ளிக்கிழமையே மனைவி விளக்குமாற்றோடு பக்கத்து வாசலில் நின்றாள்.

"நீர் கூட்டாம வாரும்."

"இதைப் பாத்துக்கொண்டு என்னால சும்மா இருக்க ஏலாது. ஆரும் வந்தா என்ன சொல்லுவினம்?"

"உமக்கு மூச்சு வேணுமோ, வாசல் வேணுமோ?"

"ரெண்டும் வேணும். உங்களுக்கென்ன, விசரே?"

விளக்குமாற்றைப் பிடுங்கிக் காருக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஒருவரும் கூட்டாவிட்டால் ஒரு வாசல் எவ்வளவு வேகமாகக் கெடும் என்று அப்போதுதான் தெரிந்தது. இலை, சிப்ஸ் பெட்டி, யாரோ கொண்டுவந்து போட்ட மெத்தை. மெத்தையை நரி கிழித்தது. மனைவி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கடைக்குப் போய் வந்தாள். அதிகாரி படம் எடுக்க வந்த அன்று ஓடிப்போய், "பிள்ளை, இது எங்கட குப்பையில்லை, எழுதிப் போடாதையும்" என்றாள். அதிகாரி சிரித்துவிட்டு, "தெரியும்மா. இப்பதான் வீடு உண்மையைச் சொல்லுது" என்றாள்.

ஆள் இல்லை என்று பதிவானதும் வரி ஏறியது. அடுத்த மாதமே உரிமையாளன் அந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டான். சாரம் கட்டி முதலில் கூரையைச் செய்தார்கள். வேலை நடக்கும்போது ஒரு நாள் அவன் வந்து, குலுக்குவதற்கு என்னிடம் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. உன்னால் என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தனக்குத் தெரியாதே என்றான். தெரியாதுதான். ஏழு வருடம் எட்டிப் பார்க்காதவனுக்கு என்ன தெரியும்?

எங்கள் பக்கச் சுவரில் ஊறிப்போன சாந்தை நானே கொத்தி எடுத்தேன். கோடை முழுவதும் ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். பக்கத்தில் கவுன்சில் அனுப்பிய ஒரு குடும்பம் குடிவந்தது. அதுவரை விடுதி அறை ஒன்றுக்குள் நான்கு பேர் இருந்தவர்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மனைவி சோபாவுக்குப் போகவில்லை. படுக்கையறைக்குப் போய், தலையணையை உயர்த்தாமல் நேராகப் படுத்தாள். இரண்டு மணிநேரம் இருமாமல் தூங்கினாள். நான் கதவடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவனுக்குக் கவுன்சில் பணம் கொடுத்தது பிழை என்று இன்றைக்கும் சொல்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.