என் கணவர் போட்ட மூன்று பந்துகள்

எல்லே விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. தடியோடு நிற்பவருக்குப் பந்து போடுவது எதிரணி ஆள் இல்லை, சொந்த அணி ஆள்தான். அடிக்க வாகாகப் போட்டுக் கொடுப்பதே அவருடைய திறமை. கண்டாவளைப் பக்கத்து அணியொன்றில் பதினைந்து வருடம் என் கணவர் பார்த்த உத்தியோகம் இது. அடித்தவர்கள் கிண்ணம் தூக்கினார்கள். இவர் தோள்மூட்டுக்கு எண்ணெய் பூசினார்.

தோள் இனித் தாங்காது என்றானதும் எங்கள் மாதர் சங்க அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். கழுத்தில் விசில் தொங்கியதும் ஆளின் நடையே மாறிவிட்டது. வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

கிளிநொச்சிப் போட்டிக்கு ஆள் தெரிவு நடந்தது. மிச்சமிருந்தது ஒரே இடம். அதற்கு நானும் இன்னும் மூன்று பெண்களும். கல்யாணமான நாள் தொடக்கம் கோட்டுக்கு வெளியே நின்று இவருக்குக் கைதட்டியவள் நான். ஒரு தடவையாவது உள்ளே நின்று விளையாட வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

ஆளுக்கு மூன்று பந்து. அன்றைக்கு மட்டும் இவரே போட்டார். முழங்கால் வருத்தக்காரிக்குக் குனியத் தேவையில்லாத உயரத்தில் போட்டார். தடியைப் பிந்திச் சுழற்றுபவளுக்கு மெதுவாகப் போட்டார். மூன்று பேரும் மைதானத்து ஓர வாய்க்கால் வரை அடித்தார்கள்.

கடைசியாக நான். முதல் பந்து தலைக்கு மேலால் போனது. இரண்டாவது காலடியில் குத்தியது. இவருக்குக் கை தவறாது என்பது ஊருக்கே தெரியும். பெண்சாதிக்குச் சலுகை காட்டினார் என்று கதை வந்துவிடுமோ என்ற பயம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சருங்கோ, சனத்துக்குப் பயந்து போடாதேங்கோ. அவையளுக்குப் போட்ட மாதிரி எனக்கும் போடுங்கோ."

விசிலைத் தடவிக்கொண்டு பந்தை எடுத்தார். மூன்றாவது பந்து என் இடுப்புயரத்துக்குப் பதமாக வந்தது. ஓங்கி அடித்தேன். வாய்க்காலைத் தாண்டிப் போய் விழுந்தது.

"மனுசிக்கெண்டா எவ்வளவு பாத்துப் பாத்துப் போடுறார்!" என்று ஒருத்தி சிரித்தாள்.

அவர் பயந்த கதை வந்தே விட்டது. இனி என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இடம் இவாவுக்குத்தான்," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நீங்கள் மூண்டு பந்தில செய்யாததை இவா ஒரு பந்தில செய்தவா. முதல் ரெண்டையும் நான்தான் வேணுமெண்டு பிழையாப் போட்டனான்."